சைலன்சரும் நம்ம தாத்தாக்களின் நுரையீரலும்

முதல்லயே சொல்லிடறேன், இது கார் பிடிக்காதவன் எழுதற பதிவு இல்ல. ஜெர்மனியில, ஸ்டுட்கார்ட்ல, பதினாலு வருஷமா என்ஜின் கன்ட்ரோல் சாஃப்ட்வேர்ல பொட்டி தட்டி சோறு சாப்பிடறவன் நான். கார் சத்தம் கேட்டா திரும்பிப் பார்க்கற வியாதி எனக்கும் உண்டு. தங்கமணியைக் கேட்டா கதை கதையாச் சொல்லுவாங்க :-)

ஆனா சமீப காலமா நம்ம மக்கள்கிட்ட ஒரு பழக்கம் பரவுது. டர்போ வெச்ச சொகுசு கார் வாங்கறது, வாங்கின சூட்டோட சைலன்சரைக் கழட்டறது. இங்க கோடைக்கால ஒன்றுகூடல்ல கிரில் அடுப்புப் பக்கம் நின்னு பேசறதும் இதுதான். பெங்களூர்லேர்ந்து வர்ற போன்லயும் இதுதான். எங்க அக்கா பையன் ராபர்ட்சன்பேட்டையில பொறந்து இப்ப ஒயிட்ஃபீல்டுல வேலை பார்க்கறான். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜெர்மன் கார் எடுத்திருக்கான். ரொம்ப சந்தோஷம். அடுத்த வாரமே மெசேஜ்: "மாமா, லீவுக்கு வரும்போது ஒரு டவுன்பைப் வாங்கிட்டு வாங்க. கன்வெர்ட்டர் இல்லாததா பார்த்து வாங்குங்க. ஸ்டேஜ் டூ போடணும். ஹொஸ்கோட்டை டூ பேத்தமங்கலம் எக்ஸ்பிரஸ்வேல ஓட்டிக் காட்டறேன்."

முடியாது மாப்ளனு சொல்லிட்டேன். ஏன் முடியாதுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. அவனுக்கு மட்டும் இல்ல, தங்கவயல்லேர்ந்து கிளம்பி உலகம் பூரா சிதறிக் கிடக்கற நம்ம குடும்பங்கள் எல்லாத்துக்கும்.

கார் விவரம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா. என்ஜின்லேர்ந்து வர்ற சூடான புகை ஒரு சின்ன விசிறியைச் சுத்த வைக்கும். அதே தண்டுல இருக்கற இன்னொரு விசிறி வெளிக்காத்தை அழுத்தி என்ஜினுக்குள்ள தள்ளும். காத்து அதிகம், பெட்ரோல் அதிகம், பிக்கப் அதிகம். அதுதான் டர்போ. டர்போவை விட்டு வெளிய வந்ததும் புகை போற முதல் குழாய்தான் டவுன்பைப். இப்ப வர்ற பெரும்பாலான கார்கள்ல அந்த இடத்துலயே கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உக்காந்திருக்கும். காரணம், அதுக்கு 250, 300 டிகிரி சூடு ஏறினாத்தான் வேலை செய்யவே ஆரம்பிக்கும். சீக்கிரம் சூடாகணும்னா என்ஜினுக்குப் பக்கத்துல இருக்கணும். சூடான பிறகு கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூணுலயும் 90 சதவீதத்துக்கு மேல ஒழிச்சுக் கட்டும்.

ஸ்டேஜ் ஒன்னுன்னா ஈசியூவுல இருக்கற மென்பொருளை மாத்தி டர்போ அழுத்தத்தைக் கூட்டறது. அதுல எனக்குப் பெரிய தகராறு இல்ல. முறையா சர்டிஃபிகேட்டோட வர்ற ரீமேப்பை இங்க ட்யூஃப்ல காட்டிப் பதிஞ்சுக்கலாம். ஸ்டேஜ் டூன்னு சொல்லி அந்தக் கன்வெர்ட்டரை வெட்டி எறிஞ்சுட்டு வெறும் குழாய் மாட்டறாங்களே, அங்கதான் என் சண்டை.

பையன் சொன்ன வாதங்களை ஒவ்வொன்னா எடுத்துக்கறேன். உங்க வீட்டுப் பையனும் இதையேதான் சொல்லுவான்.

"பவருக்காகத்தான் மாமா."

250 குதிரைத்திறன் தர்ற 2 லிட்டர் டர்போ என்ஜினை ரீமேப் மட்டும் பண்ணினாலே 300 பக்கம் போகும். பெரும்பங்கு பவர் வர்றது அழுத்தத்துல, குழாய்ல இல்ல. மிச்சமும் வேணும்னா, ஓட்டம் தாராளமா இருக்கற, அங்கீகாரம் வாங்கின கன்வெர்ட்டரோடயே டவுன்பைப் கிடைக்குது. விலை ஜாஸ்தி. அதனால யாரும் வாங்கறதில்ல. ஆக, பவர்ங்கறது சாக்கு. வேணுங்கறது சத்தம்.

அந்தச் சத்தத்தோட லட்சணத்தையும் சொல்லணும். டர்போ என்ஜின் இயல்பாவே கொஞ்சம் ஊமை. புகையோட சக்தியில ஒரு பங்கை டர்பைன் விழுங்கிடும். அதனாலதான் லட்சக்கணக்குல விலை வெச்சு விக்கற சில சொகுசு கார்லயே என்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியா உள்ள விடறாங்க. நம்ம பசங்க வெடி மாதிரி 'பட பட'ன்னு கேக்கறாங்களே, அது மென்பொருள்ல செய்யற வேலை. ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்த பிறகும் பெட்ரோலை நிறுத்தாம விட்டு, தீப்பொறியைத் தாமதப்படுத்தி, குழாய்க்குள்ள எரிய விடறது. கன்வெர்ட்டர் இருந்தா அந்தச் சூட்டுல உருகிடும். அதனால அதைக் கழட்டறாங்க. அது இல்லைனு காட்டிக் கொடுக்கற சென்சாரையும் மென்பொருள்ல குருடாக்கிடறாங்க. ஓடாத பெட்ரோலை எரிச்சு ஒரு அங்குலம்கூட முன்னாடி போகாத சத்தம் வாங்கறதுக்குப் பேரு பெர்ஃபார்மன்ஸாம். அடப்பாவிகளா!

"எமிஷன் டெஸ்ட்ல பாஸ் ஆயிடும் மாமா."

ஆகலாம். நம்ம ஊர் பெட்ரோல் வண்டி டெஸ்ட், வண்டியை நிறுத்தி வெச்சுப் பார்க்கறது. நைட்ரஜன் ஆக்சைடை அதுல அளக்கறதே இல்ல. டெஸ்ட்டை ஏமாத்தறது பெருமைன்னா, 2015 செப்டம்பர்ல வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தை நினைச்சுப் பாருங்க. டெஸ்ட்ல மட்டும் யோக்கியனா நடிக்கற மென்பொருள், உலகம் பூரா சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள்ல. அன்னிக்கு நாம எல்லாரும் காறித் துப்பினோம். கம்பெனி செஞ்சா மோசடி, நாம செஞ்சா ஹாபியா?

"நான் ஒருத்தன் செஞ்சா என்ன ஆயிடும்?"

90 சதவீதம் வடிகட்டற பொருளைக் கழட்டினா உன் ஒரு கார் பத்து காருக்கு மேல. இது வெறும் மனக்கணக்கு இல்ல. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020ல ஒரு அறிக்கை விட்டுச்சு. பத்து வருஷத்துல சுமார் 5 லட்சத்து 50 ஆயிரம் டீசல் பிக்கப் வண்டிகள்ல இப்படிக் கழட்டியிருக்காங்க. கூடுதலா வர்ற புகை, ஒழுங்கான வண்டிகள் 90 லட்சம் புதுசா ரோட்டுக்கு வந்ததுக்குச் சமம். எல்லாரும் "நான் ஒருத்தன்தானே"ன்னு சொன்னவங்கதான்.

சட்டத்தைப் பத்தி ரொம்பப் பேசப் போறதில்ல. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52வது பிரிவு இருக்கு. ஒரிஜினல் அமைப்பை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அதே வருஷத் திருத்தப்படி ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம் இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். ஜெர்மனியில அனுமதியில்லாத குழாய் மாட்டினா வண்டி ரோட்டுல ஓடற உரிமையே போயிடும். மான்ஹைம் போலீஸ் 2016லயே இந்தச் சத்தக் கோஷ்டியைப் பிடிக்கத் தனிப்படை போட்டாங்க. ஆனா பிடிபட்டா என்ன ஆகும்ங்கறது என் வாதமே இல்ல. பிடிபடாட்டியும் நாம செய்யக்கூடாதுங்கறதுதான் வாதம். நாமன்னா, தங்கவயல்காரங்க.

தங்கவயல்னா 2018ல வந்த சினிமாதான் பல பேருக்கு ஞாபகம் வரும். நமக்கு அப்படியா? சாம்பியன் ரீஃப், உரிகம், மாரிக்குப்பம், லைன் வீடு, ஷிஃப்ட் மாறும்போது ஊதற சங்கு. 120 வருஷத்துல சுமார் 800 டன் தங்கம். சாம்பியன் ரீஃப்ல 3 கிலோமீட்டருக்கும் மேல ஆழம். வட ஆற்காட்டுலேர்ந்தும் சுத்துப்பட்டு ஊர்கள்லேர்ந்தும் வந்த நம்ம ஆளுங்க கேஜ்ல இறங்கி, பாறையில டிரில் அடிச்சு, அந்தத் தூசியை மூச்சா இழுத்தாங்க. 1940கள்ல 7,653 தொழிலாளர்களைப் பரிசோதனை பண்ணினப்போ 43.7 சதவீதம் பேருக்கு சிலிகோசிஸ். கிட்டத்தட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர். பாறைத்தூசி நுரையீரல்ல படிஞ்சு அது கல்லா இறுகற நோய். மருந்து கிடையாது. பல பேருக்கு டிபின்னே பேர் வெச்சாங்க.

சிலிகோசிஸுக்கு வைத்தியம் இல்லாட்டியும் தடுப்பு உண்டு. ரொம்ப எளிமையான தடுப்பு. தண்ணி விட்டு டிரில் அடிச்சா தூசி கிளம்பற இடத்துலயே அடங்கிடும். கிளம்பின பிறகு முகத்துல துணி கட்டறதைவிட ஆயிரம் மடங்கு மேல். கார்ல கன்வெர்ட்டர் செய்யறதும் அதே வேலைதான். விஷத்தைக் கிளம்பற இடத்துலயே அடக்கறது. அதைக் கழட்டறவன் டிரில்லுக்குப் போற தண்ணிக்குழாயை மூடற மேஸ்திரி. வேலை கொஞ்சம் வேகமா நடக்கும். தூசி யார் மூக்குல போகும்னு அவனுக்குக் கவலை இல்ல. ஏன்னா அவன் மூக்கு அங்க இல்ல.

உன் மூக்கும் அங்க இல்ல மாப்ள. கண்ணாடியை ஏத்திவிட்டு ஏசி போட்டு உக்காந்திருப்ப. டின் ஃபேக்டரி சிக்னல்ல உனக்குப் பின்னாடி நிக்கற ஆட்டோக்காரர், நாள் பூரா அங்கயே நிக்கற டிராஃபிக் கான்ஸ்டபிள், பூ விக்கற அம்மா, இவங்கதான் இழுக்கணும். மாரிக்குப்பம் ரயில்ல வந்து இறங்கி பெங்களூர்ல வேலைக்குப் போற நம்ம ஊர் ஜனமும் அதே சிக்னலைத்தான் நடந்து தாண்டணும். 2001 பிப்ரவரி 28ல மைன்ஸை மூடினதுலேர்ந்து அவங்களுக்கு அந்த ரயில்தான் சோறு. ஊர்ல இருக்கறவங்களுக்கோ இன்னமும் காத்தடிச்சா சயனைடு மேட்டுத் தூசி. இத்தனைக்கும் மேல உன் புகையும் வேணுமா?

இப்ப கடைசி விஷயம். எனக்கு ரொம்ப வலிக்கற விஷயமும் இதுதான். அந்தக் கன்வெர்ட்டருக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். காருக்குக் கார் மாறும், ஆனா பொதுவா ஒரு சில கிராம். அமெரிக்காவுல திருடனுங்க ராத்திரி காருக்கு அடியில படுத்து அறுத்துட்டுப் போறது இதுக்குத்தான். திருடனுக்குத் தெரியற மதிப்பு படிச்சவனுக்குத் தெரியல.

அந்தச் சில கிராம் எங்கேர்ந்து வருது? உலகத்துப் பிளாட்டினத்துல சுமார் 70 சதவீதம் தென்னாப்பிரிக்காவுலேர்ந்து. அங்கயும் ஒரு டன் பாறையை உடைச்சா கிடைக்கறது சில கிராம்தான், தங்கவயல்ல கடைசிக் காலத்துல கிடைச்ச மாதிரியே. அங்கயும் கேஜ்ல இறங்கி, டிரில் பிடிச்சு, வீட்டை விட்டு வந்த ஏழை ஜனம்தான். 2012 ஆகஸ்ட்ல மரிகானாங்கற ஊர்ல டிரில் அடிக்கற தொழிலாளிங்க மாசம் 12,500 ராண்ட் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் பண்ணினாங்க. ஆகஸ்ட் 16ம் தேதி போலீஸ் சுட்டதுல 34 பேர் செத்தாங்க. அவங்க தோண்டினது இந்தப் பிளாட்டினத்தை. யாரோட தாத்தாவோ, அப்பாவோ. நம்ம தாத்தாவுக்கு அவங்க அந்நியமா?

"கழட்டினது ஸ்கிராப்புக்குப் போகும், உலோகம் வீணாகாது"ன்னும் சொல்லுவாங்க. சரி, போகட்டும். உன் கார்ல அது செய்ய வேண்டிய வேலை நின்னு போச்சே. தங்கம் தோண்டின நம்ம ஆளுங்க, அது பெட்டியிலயும் கழுத்துலயும் தூங்கப் போறது தெரிஞ்சே தோண்டினாங்க. பிளாட்டினம் தோண்டினவனுக்காவது, அவன் எடுத்துக் கொடுத்தது முகம் தெரியாத ஒரு குழந்தையோட மூச்சைக் காப்பாத்துதுன்னு ஒரு கௌரவம் இருக்கு. அதையும் வெட்டி எறியறதுக்கு நமக்கு என்ன உரிமை?

ஒரே ஒரு வாதத்துக்கு மட்டும் நான் மரியாதை கொடுக்கறேன். பையன் கோவத்துல சொன்னான்: "லைன் வீட்ல ஒரே ரூம்ல எட்டு பேர் படுத்த குடும்பம் மாமா நாம. இன்னிக்கு நான் இந்தக் கார் ஓட்டறேன். ஊருக்குக் கேக்கட்டுமே!" அதுல நியாயம் இருக்கு. குனிஞ்சே நடந்த பரம்பரை நிமிர்றதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனா யோசிச்சுப் பாரு. தங்கவயல்ல பங்களாவுலயும் கோல்ஃப் மைதானத்துலயும் இருந்தவனுக்குத் தங்கம் போச்சு, லைன்ல இருந்தவனுக்குத் தூசி வந்துச்சு. சுகம் ஒருத்தனுக்கு, மூச்சு இன்னொருத்தனுக்கு. கன்வெர்ட்டர் இல்லாத கார் அதே ஏற்பாடுதான். நீ பங்களா பக்கம் மாறி உக்காந்துட்ட, அவ்வளவுதான். அதுக்குப் பேரு நிமிர்றது இல்ல.

கார் வாங்கின பெருமையை ஊருக்குக் காட்டணும்னா, ஒரு ஞாயித்துக்கிழமை ஆண்டர்சன்பேட்டைக்கு எடுத்துட்டுப் போ. லைன்ல இருக்கற சின்னப் பசங்களை உக்கார வெச்சு ஒரு ரவுண்டு ஓட்டு. பானட்டைத் திறந்து டர்போ எப்படி வேலை செய்யுதுன்னு காட்டு. அதுல ரெண்டு பேர் என்ஜினியர் ஆவான்.

மத்தவங்களுக்கு: உங்க வீட்டுப் பையன் டவுன்பைப் கேட்டா, "கன்வெர்ட்டர் இருக்கா"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. இல்லைன்னா வாங்கிக் கொடுக்காதீங்க. ஏற்கனவே மாட்டியிருந்தா பழசைத் திருப்பி மாட்டச் சொல்லுங்க, ஒரு நாள் வேலைதான். என் பொட்டியில மாப்ளைக்குச் சாக்லேட் வரும், பெர்ஃப்யூம் வரும், ஒரு நல்ல டார்க் ரெஞ்ச் கூட வரும். அந்தக் குழாய் மட்டும் வராது.