தண்டவாளத்துக்கு வெப்பமானி, தொழிலாளிக்கு?

ரயில் நிலையங்களில் நடைமேடையை ஒட்டிய பாதையில் பல இடங்களில் ஜல்லி இருக்காது, கான்கிரீட் தளம்தான் இருக்கும். அழகுக்குப் போட்டதல்ல அது. பெட்டியிலிருந்து விழும் மலத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வசதியாகப் போட்டது. யார் கழுவினார்கள் என்பதை இதை வாசிக்கும் தோழர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. பெட்டிகளில் பயோ டாய்லெட் வந்துவிட்டது. தளமும், அதைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அப்படியேதான் இருக்கிறார்கள்.

இந்தக் கான்கிரீட் வெயிலில் என்ன செய்யும் என்பது பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். மேற்பரப்பு சீக்கிரம் சூடேறும், அடிப்பகுதி மெதுவாகத்தான் சூடாகும். மேலே அதிகம் விரிவதால் பலகை நடுவில் லேசாக எழும்பப் பார்க்கும். இரவில் மேற்பரப்பு முதலில் குளிர்வதால் வளைவு எதிர்ப்பக்கம் திரும்பும். மேகம், காற்று, திடீர்க் கோடை மழை எல்லாம் இந்தக் கணக்கில் உண்டு. பகலில் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் கான்கிரீட் விட்டுக்கொண்டிருக்கும். இரவு ஷிப்டில் நிற்கும் கால்களுக்கு அது தெரியும்.

தண்டவாளம் இன்னும் வேகமாகச் சூடாகும். ஒரு டிகிரி ஏறினால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் சுமார் 11.5 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். நீளமாகப் பற்றவைத்து இறுக்கிய பாதையில் அதற்கு இடமில்லை. பக்கவாட்டில் நெளிந்தால் ரயில் கவிழும். அதனால் விதிகள் கறாரானவை. ஜல்லிப் பாதையில், தண்டவாளத்தை இறுக்கிய வெப்பநிலையைவிட 10 டிகிரிக்கு மேல் போனால் வழக்கமான பராமரிப்பு கூடாது. 20 டிகிரி தாண்டினால் வெயில்கால ரோந்து தொடங்க வேண்டும். அதாவது, இரும்பைத் தளர்த்தவே கூடாத நேரத்தில்தான் ஒரு மனிதர் அதன் மேல் நடக்கிறார். இரும்புக்கு எண் இருக்கிறது. அவர் உடம்புக்கு அந்த விதியில் எண் இல்லை. கேங்மேன் வேலைக்கு எந்தத் தெருக்களிலிருந்து ஆட்கள் போனார்கள் என்று நம் தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ரோந்து வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பயணிகளின் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் கேரளத்தில் கோடைதோறும் நண்பகல் 12 முதல் 3 வரை வெயில் வேலைக்கு இடைவேளை அறிவிக்கிறார்கள். தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ரோந்துத் தூரத்தைப் பாதியாக்கி இன்னோர் ஆளைப் போடுவதும், வழியில் நிழலும் தண்ணீரும் வைப்பதும் முடியாத காரியமா?

2013ஆம் ஆண்டின் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் ரயில் பாதையையும் பெயர் சொல்லியே சேர்த்தது. கூடவே, அரசு அறிவிக்கும் கருவியும் பாதுகாப்பு உபகரணமும் தந்தால் அது அந்தத் தொழில் ஆகாது என்று ஒரு வாசலும் திறந்துவைத்தது. அந்த உபகரணத்தைச் சித்திரை வெயிலில் போட்டுக்கொண்டு எத்தனை நிமிடம் நிற்க முடியும் என்று எழுதியவர்கள் யோசித்தார்களா?

கள ஆய்வுக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் மே மாத மதியம் 2 மணிக்கு ஒரு நடைமேடையில் நின்று கேட்கலாம்: எத்தனை மணி நேரமாக வேலை, காலணி யார் வாங்கியது, தண்ணீர் எங்கே, மயங்கி விழுந்தால் அன்றைய கூலி உண்டா.