பேரை மாத்திட்டா கதை நம்முடையதாகிடுமா?

சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, ஷிஃப்ட் முடிந்து வந்து மொபைலில் கதை எழுதுவாள். ஹீரோ, ஹீரோயின் இருவரும் ஒரு பிரபல சீரியல் ஜோடி. ஐம்பது அத்தியாயம் தாண்டிவிட்டது. இப்போது கொடிசியா புத்தகத் திருவிழாவுக்குள் அதை நாவலாகக் கொண்டுவர ஆசை. போன வாரம் கேட்டாள்: "ஏம்ப்பா, பேரை மட்டும் மாத்திப்போட்டா போதாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் பதில், 'போதாது'.

வெளிநாட்டில் நடப்பது என்ன?

'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' முதலில் 'ட்விலைட்' ரசிகர் கதை. பெயர்களை மாற்றி 2011-ல் புத்தகமானது. ஹாரி பாட்டர் ரசிகர் கதையான 'மேனக்கிள்ட்', புது உலகம், புதுப் பெயர்களுடன் 2025-ல் 'ஆல்கமைஸ்ட்' என்ற நாவலாக வந்தது. இன்று பதிப்பகங்களே இப்படிப்பட்ட எழுத்தாளர்களைத் தேடிப் போகின்றன.

நம்ம ஊரில்?

நமக்கும் இது புதுசில்லை. பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சியாக விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். இன்று நீங்களும் வந்தியத்தேவனை வைத்து எழுதலாம். கல்கி மறைந்தது 1954-ல். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் காப்புரிமை. அந்தக் கெடு 2014-ம் ஆண்டோடு முடிந்தது. அதற்கு முன்பே தமிழக அரசு அவர் படைப்புகளை நாட்டுடைமையாக்கிவிட்டது.

ஆனால் நம்ம கோவைக்காரர் ராஜேஷ்குமாரின் விவேக் – ரூபலா? காப்புரிமை உயிரோடு இருக்கிறது. சீரியல் ஜோடிக்கும் அதே கதைதான்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பைத் தழுவி எழுதும் உரிமையையும் அதன் உரிமையாளருக்கே தருகிறது. ஆனால் கருவுக்குக் காப்புரிமை கிடையாது. பணக்கார முறைப்பான ஹீரோ, கட்டாயக் கல்யாணம், மெல்ல மலரும் காதல்... இதெல்லாம் யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சொன்ன விதம்தான் சொந்தம்.

1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். ஒரு நாடகத்தைக் காப்பியடித்து 'நியூ டெல்லி' படம் எடுத்ததாகப் புகார். கரு ஒன்றாக இருந்தாலும் சொன்ன விதம் வேறு என்று படக்குழு பக்கம் தீர்ப்பு வந்தது. இரண்டையும் பார்த்தவர் 'இது அதோட காப்பி' என்று உணர்கிறாரா என்பதே அளவுகோல்.

அப்போ பேரை மாற்றினால் தப்பிக்கலாமா? 1997-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த காமிக்ஸ் வழக்கைப் பாருங்கள். ஒருவருடைய பாம்பு ஹீரோ 'நாகராஜ்'. இன்னொருவர் 'நாகேஷ்' என்று இறக்கினார். பெயர் வேறு, ஆனால் தோற்றமும் சக்தியும் கிட்டத்தட்ட அதே. நீதிமன்றம் தடை விதித்தது.

'காசு வாங்கலையே', 'ஒரிஜினலுக்கு நன்றி போட்டிருக்கேனே' என்பதும் கவசம் ஆகாது. ஆயிரம் பேர் படிக்கும்படி போட்டுவிட்டு, சொந்தப் பயன்பாடு என்று சொல்வது கஷ்டம்.

என் கருத்து

ரசிகர் கதை எழுதுபவர்களைத் திருடர்கள் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. பலருக்கு அதுதான் எழுத்துப் பள்ளிக்கூடம். ஆனால் பள்ளிக்கூட நோட்டை அப்படியே புத்தகமாக அச்சடிக்கக் கூடாது.

தோழிக்கு இரண்டு சோதனை சொன்னேன். ஒன்று, சீரியல் பார்த்தவரிடம் கதையைக் கொடு. காட்சியையும் வசனத்தையும் கண்டுபிடித்துவிட்டால், அந்த இடங்களைத் திருப்பி எழுது. இது சட்டத்துக்கான சோதனை. இரண்டு, சீரியலே பார்க்காதவரிடம் கொடு. ஹீரோயின் ஏன் அழுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை என்றால், அவள் இன்னும் உன் ஹீரோயின் ஆகவில்லை. இது எழுத்துக்கான சோதனை. கூடவே, கதை போட்ட ஆப்பின் ஒப்பந்தத்தையும் படி. பிரத்யேக உரிமையை ஏற்கனவே எழுதிக் கொடுத்திருந்தால், பதிப்பகத்துக்குத் தர உன்னிடம் ஒன்றும் மிச்சமிருக்காது.

இரண்டாவது சோதனையைத் தன் அம்மாவிடமே செய்து பார்த்தாளாம். பாதியில் அம்மா கேட்டது: "இந்தப் புள்ள யாரு கண்ணு, எந்த ஊரு?"

முதல் அத்தியாயத்தை மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறாள். ஹீரோயினுக்கு இப்போது ஊர் பொள்ளாச்சி.