வில்லும் சக்கரமும்

எஃகுப் பட்டைகளாலாய வில்லின்மேற் கூண்டமைந்த வண்டியை நம் முன்னோர் வில் வண்டி என வழங்கினர். கட்டை வண்டி எலும்பை உலுக்கும் பாதையில் வில் வண்டி உடலுக்கு இதமாயிருந்தது. அதனாலேயே வண்டியின் வில் இருக்கையின் சுகத்திற்கென்றே ஏற்பட்டது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியது. இவ்வெண்ணம் பாதியளவே உண்மையாகும். கரடுமுரடான நிலத்திற் செல்லும் மோட்டார் சைக்கிளில் வில்லின் முதற்கடமை வேறு. சக்கரத்தை நிலத்தினின்றும் பிரியவொட்டாமற் காப்பதே அது. நிலத்தைத் தொடாத சக்கரம் பிரேக்குக்கும் அடங்காது, திருப்பத்திற்கும் இணங்காது. ஸஸ்பென்ஷனை மேம்படுத்த விரும்பும் மாணாக்கர் இவ்வுண்மையை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். பொருளைச் செலவிடுதல் அதன் பின்னரே தகும் என்பது எம் கருத்து.

இப்பொருள் நம் வட்டாரத்திற்குப் புறம்பானதன்று. பருத்திப்பட்டுக்கு அண்மையிலுள்ள ஆவடியில் அமைந்த போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையத்தார், 58 டன்னுக்கும் மேற்பட்ட எடையுடைய அர்ஜுன் டாங்கிக்கு எஃகு வில்லை நம்பாது, அடைபட்ட வாயுவையே வில்லாகக் கொண்ட தாங்கமைப்பை உருவாக்கினர். சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் 1956-ஆம் ஆண்டு முதல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாகலாயின. அந்நிறுவனமே 2016-ஆம் ஆண்டில் மலைப்பாதைக்கென ஹிமாலயன் என்னும் வண்டியை வெளியிட்டது. அதன் முன்சக்கரம் 200 மில்லிமீட்டரும், பின்சக்கரம் 180 மில்லிமீட்டரும் மேலுங்கீழும் அசையவல்லவை. நம் இளைஞர் பலர் மேம்படுத்த முனைவது இத்தகைய வண்டிகளையே.

வில்லின் பயன் யாது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்தில் நடந்த கோல்மோர் கோப்பைப் போட்டியில், பின்சக்கரத்திற்கும் வில்லமைந்த புல்லட் வண்டிகள் முதன்முதலாகத் தோன்றின. சேற்றிலும் கல்லிலும் நடைபெறும் அவ்வகைப் போட்டிகளில், பின்புறம் விறைப்பாயிருந்தாலன்றிச் சக்கரம் நிலத்தைப் பற்றாது என்று வீரர் பலர் அந்நாளில் நம்பியிருந்தனர். அவ்வாண்டிலேயே இத்தாலியில் நடந்த ஆறுநாட் போட்டியில் அப்புல்லட் வண்டிகள் தங்கப் பதக்கங்களை வென்றன. சுகத்திற்கென்று கருதப்பட்ட வில், பிடிப்பிற்கே உறுதுணை என்பது அன்றே தெளிவாயிற்று.

வில் தனித்துத் தொழில் செய்வதில்லை. மேடு தாக்கும்போது வில் அமுங்கி ஆற்றலைச் சேமிக்கின்றது. சேமித்ததை உடனே திருப்பியும் தருகின்றது. தடுப்பார் இலரேல் வண்டி ஊஞ்சலென ஆடும். ஷாக் அப்ஸார்பரினுள் இருக்கும் எண்ணெய், சிறு துளைகளின் வழியே நெருக்கிச் செல்லும்போது, அவ்வாற்றலை வெப்பமாக மாற்றி ஆட்டத்தை அடக்குகின்றது. ஆகவே வில் எடைக்கும், எண்ணெய்த் தடுப்பு வில்லுக்கும் பொருந்துதல் இன்றியமையாதது. 50 கிலோ எடையுள்ளவனுக்கும் 90 கிலோ எடையுள்ளவனுக்கும் ஒரே வில் எங்ஙனம் பொருந்தும்? தொழிற்சாலையார் நடுத்தரமான ஓர் எடையை எண்ணியே வில்லை அமைப்பர்.

பொருத்தத்தை அறிய ஓர் அளவுநாடாவே போதும். பின்சக்கரம் தொங்குமாறு வண்டியைத் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து நேர்மேலே ஒரு குறிவரை அளந்து கொள்க. பின்னர், சவாரிக்குரிய உடையுடன் ஏறியமர்ந்து, மற்றொருவரை மீண்டும் அளக்கச் செய்க. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு, சக்கரம் அசையும் முழு அளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காயிருத்தல் நன்று. 180 மில்லிமீட்டருக்கு இது 60 மில்லிமீட்டராகும். இவ்விறக்கம் இருந்தாற்றான், பள்ளம் வரும்போது சக்கரம் கீழிறங்கி நிலத்தைத் தொடரவியலும். இறக்கம் மிகுமாயின் வில்லின் முன்னிறுக்கத்தைக் கூட்டலாம். ஆனால் முன்னிறுக்கம் வண்டியை உயர்த்துமேயன்றி வில்லை வன்மையுடையதாக்காது. இறக்கம் சரியான பின், ஆளின்றி நிற்கும் வண்டி தன் எடைக்குச் சிறிதும் அமுங்காதாயின், அவ்வில் ஏறுவோனின் எடைக்கு மென்மையானது என்று அறிக. வில்லை மாற்ற வேண்டிய இடம் அதுவே.

ஈதெல்லாம் கஞ்சத்தனத்திற்குக் கூறும் சமாதானம் என்பார் சிலர். 1973-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து ஹாக்கன் ஆண்டர்ஸன், பெல்ஜியத்துப் பொறியறிஞர் லூஸியன் டில்கென்ஸ் வகுத்த ஒற்றை ஷாக் அமைந்த யமஹாவில் உலகப்பட்டம் பெற்றாரன்றோ, புதிய கருவியாலன்றோ வெற்றி, என்று அவர் வினவுவர். மெய்யே. நல்ல கருவியை யாம் இகழவில்லை. ஆயின் பந்தயக் களத்தில் அக்கருவி ஏறுவோனின் எடைக்கும் களத்திற்கும் ஏற்பத் திருத்தப்படுகின்றது. பிறனுக்கு அமைந்ததை விலைகொடுத்து வாங்கித் தன் வண்டியிற் பூட்டுவோன், பிறன் மூக்குக்கண்ணாடியை அணிந்தவனையொப்பான்.

உயரத்தை மட்டும் விரும்புவோர்க்கு இன்னும் ஒன்று கூறுவோம். பின்புறத்தை மட்டும் உயர்த்தினால் முன் ஃபோர்க்கின் சாய்வு குறைந்து, வேகத்தில் வண்டியின் நேர்நிலை தளரும். சங்கிலியின் தளர்ச்சியும் மாறும். கால் நிலத்தில் எட்டாது. பதிவுச் சான்றிற் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிப்பதையும் நினைவிற் கொள்க. வார நாட்களில் அவ்வண்டியின் பின்னிருக்கையில் அமர்பவர் தாயாராகவோ தங்கையாகவோ இருக்கலாம். ஒரு நாட் காட்டுச் சவாரிக்காக அவர்களுடைய நலத்தை ஒவ்வொரு நாளும் பணயம் வைத்தல் வீரமாகாது.

ஆகலின், மாணாக்கர்காள், முறையை மாற்றாதீர். முதலில் டயரின் காற்றழுத்தத்தைச் சரிசெய்க. இரண்டாவது இறக்கத்தை அளந்து அமைக்க. மூன்றாவது ஃபோர்க்கின் பழைய எண்ணெயை மாற்றுக. நான்காவது, தேவையெனக் கண்டால், எடைக்கேற்ற வில்லை முன்னும் பின்னும் ஒருங்கே அமைக்க. இந்நான்கும் செய்து, பழகிய பாதையிற் சில நாள் ஓட்டிப் பார்த்த பின்னும் குறை நிற்குமாயின், விலையுயர்ந்த ஷாக்கை வாங்குவதில் தவறில்லை. எதற்காக வாங்குகிறோம் என்பதையும் அப்போது அறிந்திருப்பீர். அளந்தறியாது செய்யும் செலவு மேம்பாடாகாது; அலங்காரமே ஆகும்.