பசியும் பழைய கணக்கும்

1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டனர் என்பது பொருளியலாளர் அமர்த்தியா சென்னின் மதிப்பீடு. அரிசித் தட்டுப்பாடே அச்சாவுகளுக்குக் காரணம் என்று அன்றைய விசாரணைக் குழு கருதியது. 1981இல் வெளிவந்த ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்னும் நூலில் சென் அக்கருத்தைத் தகர்த்தார். பஞ்ச ஆண்டில் வங்கத்திலிருந்த உணவு தானியம் முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 விழுக்காடு அளவுக்கே குறைவு. பஞ்சம் தலைகாட்டாத 1941ஐக் காட்டிலும் 13 விழுக்காடு மிகுதி. போர்க்காலச் செலவால் அரிசி விலை மளமளவென்று ஏறிற்று. கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. உழவுக் கூலிகளும் மீனவரும் அரிசி இருந்த நாட்டிலேயே பட்டினியால் மடிந்தனர்.

தானியம் இருப்பது வேறு, அது ஏழையின் கைக்கு வந்து சேர்வது வேறு என்னும் இத்தெளிவு ஆய்வறையோடு நின்றுவிடவில்லை. உணவை உரிமையாகக் கேட்டவர்களுக்கு அது வலுவூட்டியது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. ஊரகத்தில் 75 விழுக்காட்டினருக்கும் நகரத்தில் 50 விழுக்காட்டினருக்கும், ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் சட்டப்படி உரியதாயிற்று.

ஆனால் அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு, வெளியிடப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே பயனாளிகளின் எண்ணிக்கையை வகுக்க வேண்டும் என்கிறது. கடைசியாக எடுத்த கணக்கு 2011க்குரியது. அதன்படி வகுத்த வரம்பு ஏறத்தாழ 81 கோடி. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போனது; தொற்று ஓய்ந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் நடைபெறவில்லை. இப்போது 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக அறிவித்திருக்கிறார்கள். இதற்கிடையில் நாட்டின் மக்கள்தொகை 140 கோடியைக் கடந்துவிட்டது. அதே விகிதத்தை இன்றைய தொகைக்குப் பொருத்தினால் விடுபட்டு நிற்போர் சுமார் 12 கோடிப் பேர். பொருளியலாளர்கள் ஜான் திரேசும் ரீதிகா கேராவும் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் விடுபட்டிருப்பதை 2020லேயே கணக்கிட்டுச் சொன்னார்கள்.

அந்த வரம்பில் தமக்குரிய ஒதுக்கீடு நிரம்பிய மாநிலங்களில் இதன் பொருள் என்ன? குடும்பத்திற்கு மருமகள் வருகிறாள், குழந்தை பிறக்கிறது. பெயர் சேர்க்க மனுக் கொடுத்தால், வேறொருவர் பெயர் நீங்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். நான்கு பேருக்கு அளந்த அரிசியை ஆறு பேர் உண்கிறார்கள். சட்டம் தந்த உரிமை, எவரோ ஒருவரின் சாவுக்காகக் காத்திருக்கிறது. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளிலோ இருக்க வேண்டிய அளவுக்கு இருமடங்குக்கும் மேலான அரிசி 2025இல் குவிந்திருந்தது. எத்தனால் வடிக்கவும் அதிலிருந்து இலட்சக்கணக்கான டன் ஒதுக்கப்பட்டது. விடுபட்ட 12 கோடிப் பேருக்கும் ஆண்டு முழுவதும் அளக்கத் தேவைப்படுவது சுமார் 72 இலட்சம் டன். சென் வங்கத்தில் கண்ட முரண் இது. சட்டம் வந்த பிறகும் நீடிப்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

தமிழ்நாடு இந்தச் சிக்கலில் அகப்படவில்லை. வறுமைக் கோடு போட்டு மக்களைப் பிரிக்காமல் எல்லாருக்கும் பொதுவான வழங்கலை அது காத்துவருகிறது; மத்தியச் சட்டத்தில் 2016இல் இணைந்தபோதும் அந்த முறையைக் கைவிடவில்லை; கூடுதல் செலவை மாநிலமே ஏற்றது. தானியத்திற்குப் பதில் பணம் தரலாமே என்ற வாதம் ஓங்கியிருந்த 2011இல், தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் மாணவத் தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று மக்களையே கேட்டார்கள். மூவரில் இருவர் தானியமே வேண்டும் என்றனர். வங்கி தொலைவு, கடையில் விலை ஏறும், பணம் வேறு வழியில் கரையும் என்று அவர்கள் சொன்ன காரணங்களில் எந்தப் பொருளியல் அறிஞரும் குறை காண முடியாது. ஏழையின் வாசற்படியில் நின்று கேட்கும் ஆய்வையே நாம் மதிக்கிறோம்.

ஏழைகளின் நிலையை நாடு முழுமைக்கும் அறிய அரசின் புள்ளிவிவரமும் வேண்டும். 2017-18ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவு ஆய்வு முடிவுகளை மத்திய அரசு வெளியிடவில்லை. தரம் போதாது என்று காரணம் சொன்னது. தரத்தில் ஐயம் இருந்தால் எண்களை வெளியிட்டு, குறைகளையும் கூடவே சொல்லியிருக்கலாம். அறிஞர்கள் அலசியிருப்பார்கள். அடுத்த ஆய்வின் முடிவுகள் 2024இல்தான் வந்தன. பணமதிப்பிழப்பும் பெருந்தொற்றும் ஏழைகளின் அடுப்படியில் என்ன செய்தன என்பதை அளக்கும் கோல் அந்த ஆண்டுகளில் நம் கையில் இல்லை.

மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கருத்தில் கொள்ளுமாறு உச்ச நீதிமன்றம் 2022இல் மத்திய அரசிடம் கூறியது. புதிய கணக்கெடுப்பு வரட்டும் என்பதே அரசின் நிலைப்பாடு. இதை ஏற்க இயலாது. 2036 வரையிலான மக்கள்தொகை மதிப்பீட்டை அரசு அமைத்த வல்லுநர் குழுவே வகுத்துத் தந்திருக்கிறது. ஆண்டுதோறும் தனிநபர் வருமானத்தை அறிவிக்கும்போது அரசு மதிப்பிட்ட மக்கள்தொகையைக் கொண்டே வகுக்கிறது. வருமானத்தை வகுக்கப் பயன்படும் மதிப்பீடு, அரிசியை அளக்க மட்டும் ஏன் உதவாது? 9ஆம் பிரிவைத் திருத்தி, கணக்கெடுப்பு இல்லாத ஆண்டுகளில் அந்த மதிப்பீட்டின்படியே ஒதுக்கீட்டை உயர்த்த வேண்டும். 2027 கணக்கெடுப்பின் முடிவுகள் வெளிவரும் வரை இதைத் தள்ளிப்போடலாகாது. வரும் நாடாளுமன்றக் கூட்டத்தொடரிலேயே திருத்த மசோதாவைக் கொண்டுவர வேண்டும்.