நெடுந்தீவுக்கு வந்த சவர இயந்திரம்

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர், அதனைச் சூழ்ந்த தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. இன்றுவரை வழக்கில் நிலைத்திருப்பது நெடுந்தீவுக்கு இட்ட 'டெல்ஃப்ட்' என்ற பெயர்தான். அதே ஒல்லாந்து தேசத்திலிருந்து பல நூற்றாண்டுகள் கழித்து அத்தீவுக்கு வந்து சேர்ந்த வேறொரு பொருளைப் பற்றியே இன்று எழுத வேண்டியிருக்கின்றது. அது சுழலும் அலகுகளைக் கொண்ட மின்சவர இயந்திரம்.

அண்மையில் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குச் சென்றிருந்தேன். எண்பது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பார்க்கப் போனபோது, அவர் முகத்தில் ஒரு வாரத் தாடி. எந்நாளும் மழித்த முகத்துடன் வகுப்புக்கு வந்தவர் அவர். மேசையில் விலையுயர்ந்த சவர இயந்திரம் ஒன்று கிடந்தது. "மகள் அனுப்பினது, தம்பி. பழுதாப் போச்சுது. அவவுக்குச் சொல்லேல்லை. சொன்னா இன்னொண்டு வாங்கி அனுப்பிப்போடுவா" என்றார்.

இயந்திரத்தின் தலைப்பகுதியைத் திறந்து பார்த்தேன். உள்ளே நரைமயிர்த் தூள் களிபோல் இறுகிக் கிடந்தது. அதன்மேல் வெள்ளைப் படிவு. இயந்திரம் பழுதாகவில்லை, அதற்கு மூச்சு முட்டியிருந்தது. அவ்வளவுதான்.

1939இல் பிலிப்ஸ் நிறுவனம் இந்த வகை இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. வடிவமைத்தவர் அந்நிறுவனத்தின் பொறியியலாளர் அலெக்சாண்டர் ஹொரோவிட்ஸ். முதலில் ஒரே ஒரு வட்டத் தலை. 1966இல் அது மூன்று தலையாகியது. தத்துவம் எளிது. கீறல்கள் கொண்ட மெல்லிய மேல்தகடு முகத்தில் படிகின்றது. கீறல் வழியே மயிர் உள்ளே நுழைகின்றது. அடியில் சுழலும் அலகு, கத்தரிக்கோல்போல அதனை நறுக்குகின்றது. அலகு தோலைத் தொடுவதேயில்லை. ஆனால், நறுக்கப்பட்ட மயிரும் தோலின் எண்ணெயும் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகின்றன. அதனை அகற்றாவிட்டால் அலகு சூடேறும், மயிரை வெட்டாமல் இழுக்கும், ஈற்றில் நின்றுவிடும்.

குழாயைத் திறந்து, ஓடும் நீரில் கழுவு என்கின்றது கையேடு. குழாய்நீர் தடையின்றி வரும் ஊரை நினைத்து எழுதிய வாசகம் அது. நெடுந்தீவு சுண்ணக்கல் பூமி. நிலத்தடியில் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாகவே மழைநீர் மிதக்கின்றது. பல கிணறுகளில் உவர்ப்பு. நன்னீருக்கு மக்கள் படும் பாடு எல்லோரும் அறிந்ததே. அந்த உவர்நீரில் கழுவி, ஈரம் உலருமுன் மூடிவைத்தால் கேத்தலின் அடியில் படிவதுபோல உப்பும் சுண்ணாம்பும் அலகிலும் படியும். கையேடு சொன்னதைத்தான் ஆசிரியர் செய்திருந்தார். சொல்லாமல் விட்டதுதான் அவரைக் கெடுத்தது.

தீவகத்தில் செய்யத்தக்கது வேறு. ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை நிறுத்தி, மின் இணைப்பை அகற்றித் தலையைத் திறந்து, மென்தூரிகையால் தட்டிவிட்டாலே போதும். கிழமைக்கு ஒருமுறை, குழாயின் படம் பொறித்த இயந்திரமாயின், சேமித்த மழைநீரிலோ குடிநீரிலோ ஒரு குவளை எடுத்துத் துளி சவர்க்காரத்துடன் அலசலாம். பின் நீரை உதறி, திறந்தபடியே நிழலில் உலரவிட வேண்டும். அலகுகளைக் கழற்றினால் ஒவ்வொன்றையும் அதனதன் மேல்தகட்டுடனேயே திரும்பப் பூட்ட வேண்டும். அவை ஒன்றோடொன்று உராய்ந்து பொருந்திய சோடிகள். மழிக்கும்போது பழைய கத்திபோல மேலிருந்து கீழே இழுக்காமல், அழுத்தாமல் சிறு வட்டங்களாக நகர்த்த வேண்டும். தோல் பழகுவதற்கு இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும்.

இது அற்ப விடயம் என்று சிலர் நினைக்கலாம். நடுங்கும் கையால் கத்தி பிடிக்க முடியாத முதியவருக்கு இது அற்பமல்ல. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு மின்சவர இயந்திரமே பாதுகாப்பானது என்று மருத்துவர்கள் சொல்கின்றனர். வீட்டுக்கு வந்து மழித்துவிடும் வழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. அது சாதியின் பெயரால் ஒரு பகுதி மக்கள்மேல் சுமத்தப்பட்ட கடமை, ஒழிந்தது நல்லதே. ஆனால், பிள்ளைகள் கடல் கடந்துவிட்ட வீட்டில் தனித்திருக்கும் தந்தை தன் முகத்தைத் தானே பேணிக்கொள்ள வேண்டுமே. மழிக்காத முகத்துடன் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகக் கூசி அவர் வீட்டிலேயே அடைந்துவிடுகின்றார். ஊர் அதனை முதுமை என்று எண்ணிக்கொள்கின்றது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மின்சாரத்தை அரசுகள் கொண்டு வரலாம். அதில் ஓடும் பொருளைப் பேணும் அறிவை யார் கொண்டு வருவது? பற்றரிக்குத் தடை விதிக்கப்பட்டிருந்த 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சமூகம் நாம். அன்று ஒரு திருகாணியையும் எறிந்ததில்லை. இன்று பழுது என்றால் இன்னொன்று அனுப்புகின்றோம். பழையது தீவிலேயே கிடக்கின்றது. குப்பையோடு எரித்தால் அதன் லித்தியம் பற்றரி வெடிக்கவும் கூடும்.

நான் பார்த்த அந்தக் கையேட்டில் ஒல்லாந்த மொழி உட்படப் பல மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில், இறக்குமதி செய்து விற்போரிடம் தமிழ்க் கையேட்டைக் கேட்பது நம் உரிமை. அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருந்து பொதி கட்டும் பிள்ளைகளே, மின்னேற்றியில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கின்றதா என்று பாருங்கள். கனடாவின் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது இலங்கையின் 230 வோல்ட்டில் எரிந்துபோகும். பொதிக்குள் மேலதிகமாக ஒரு சோடித் தலையும் ஒரு தூரிகையும் வையுங்கள். அதைவிட முக்கியமாக, எப்படிப் பாவிப்பது, எப்படித் துப்புரவாக்குவது என்று உங்கள் கையெழுத்தில் தமிழில் அரைப்பக்கம் எழுதி வையுங்கள்.

அன்று ஒரு பழைய பற்தூரிகையும் ஒரு குவளை மழைநீரும் போதுமாயிருந்தன. மாலையில் அலகுகள் உலர்ந்ததும் இயந்திரம் ஓடியது. ஆசிரியர் கண்ணாடி முன் நெடுநேரம் நின்றார். பின்னர் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார்.