பழைய கருவியும் பாதரசமும்

கனடாவில் வாழும் நம் பழைய மாணாக்கர் ஒருவர், வீட்டுச் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாற் கருவி பழையதாகிவிட்டதெனவும், அதனைத் தாமே மாற்றப்போவதாகவும் எழுதியிருந்தார். மாற்றட்டும், அவசரம் மட்டும் வேண்டாம்.

1953இல் ஹனிவெல் நிறுவனம் வெளியிட்ட வட்டக் கருவி போன்ற பழையவற்றுள் ஈருலோகச் சுருளொன்று உண்டு. அறை குளிர்ந்ததும் சுருள் அசையும்; அதனோடிணைந்த கண்ணாடிக் குமிழ் சாயும்; உள்ளிருக்கும் பாதரசம் ஓடி மின்சுற்றை இணைக்க, சூடேற்றும் உலை எரியத் தொடங்கும். அப்பாதரசம் ஏறக்குறைய 3 கிராம். குமிழ் உடைந்தால் அது வெள்ளி மணிகளாய் உருளும். கண்ணுக்குப் புலனாகாத அதன் ஆவியோ நரம்புகளைக் கெடுக்கும்.

ஆகவே, முதலில் மின்சாரத்தை நிறுத்துக. கம்பிகளுக்கு அடையாளமிட்டுக் கழற்றுக. கருவியைக் குப்பையில் எறியாது, நச்சுக் கழிவு பெறும் நிலையத்தில் முழுதாக ஒப்படைக்க என மறுமொழி எழுதினோம். அவ்வீட்டிலே தவழும் குழந்தை உண்டென்பதை நாம் அறிவோம்.