மண்ணில் உள்ள கரி: வேர் சேர்க்கிறதா? செலவழிக்கிறதா?

மண்ணுக்குள் கிடக்கும் கரிக்கும் இப்போது விலை வந்துவிட்டது!

அடுப்புக்கரி அல்ல. சருகு, சாணம், செத்துப்போன வேர் எல்லாம் மக்கி மண்ணோடு கலந்து கிடக்கிறதே, அதில் உள்ள கரிச்சத்து. விஞ்ஞானிகள் இதைக் கார்பன் என்கிறார்கள். இந்தச் சத்து காற்றில் கலந்தால் கரியமில வாயு. அது பெருகப் பெருக உலகம் சூடாகிறது. மண்ணுக்குள் அடங்கிக் கிடந்தால் தொல்லை இல்லை. பயிருக்கும் நல்லது.

உலகம் முழுவதும் மேல்மண்ணில், ஒரு மீட்டர் ஆழத்துக்குள், சுமார் 1,50,000 கோடி டன் கரி இருக்கிறது. காற்றில் இருப்பதோ சுமார் 90,000 கோடி டன். மண்தான் பெரிய களஞ்சியம்.

ஆகவே, "மண்ணில் கரியைச் சேர்த்துக் காட்டு, பணம் வாங்கிக்கொள்" என்று விவசாயிகளிடம் சொல்லுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஈடான கரியைச் சேர்த்தால் ஒரு பத்திரம். மண்ணுக்காக இந்தப் பத்திரம் முதலில் கொடுக்கப்பட்டது 2019-ல். புகை விடும் கம்பெனிகள் இதை விலைக்கு வாங்குகின்றன.

2015-ல் பாரீஸ் மாநாட்டின்போது பிரான்ஸ் அரசாங்கம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. "ஆயிரத்துக்கு நாலு" என்று அதற்குப் பெயர். மண்ணில் உள்ள கரியை ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு நாலு பங்கு கூட்டவேண்டும் என்பது குறிக்கோள்.

நல்ல காரியம்தான். ஆனால் பணம் கைமாறும் இடத்தில் கணக்குச் சரியாக இருக்கவேண்டும் அல்லவா? இங்கேதான் வேர் குறுக்கே வருகிறது!

வேர் போடும் சாப்பாடு

வேர் தண்ணீரை உறிஞ்சுகிறது. இது எல்லாருக்கும் தெரியும். அது மண்ணுக்குச் சாப்பாடு போடுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

இலை வெயிலில் உணவு சமைக்கிறது. அந்த உணவில் சுமார் பத்தில் ஒரு பங்கு, சில செடிகளில் அதற்கும் மேலே, வேர் வழியாக வெளியே கசிந்துவிடுகிறது. சர்க்கரை, அமிலம், பசை என்று பல உருவத்தில் கசிகிறது.

இதைச் சாப்பிடக் காத்திருப்பவை, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவும் நுண்காளான்களும். ஒரு சிட்டிகை மண்ணில் அவை கோடிக்கணக்கில் இருக்கின்றன. வேரை ஒட்டிய மண்ணில் கூட்டம் இன்னும் அதிகம். 1904-ம் ஆண்டிலேயே ஹில்ட்னர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதைக் கவனித்தார். வேரைச் சுற்றியுள்ள அந்த மண்ணுக்கு "ரைசோஸ்பியர்" என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

செடி ஏன் தன் உணவைக் கொடுக்கிறது? தானமா? இல்லை, கூலி!

செடிக்குத் தழைச்சத்து வேண்டும். அது மண்ணில் பழைய மக்குக்குள் பூட்டிக் கிடக்கிறது. வேரால் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. நுண்ணுயிர்களால் முடியும். சர்க்கரை கிடைத்ததும் அவற்றுக்குத் தெம்பு வருகிறது. தங்களுக்கும் தழைச்சத்து வேண்டுமே என்று பழைய மக்கை உடைக்கின்றன. பிறகு அவை சாகும்போதும், வேறு சிறு பூச்சிகளுக்கு இரையாகும்போதும் அந்தச் சத்து வேருக்கு வந்து சேருகிறது.

உடைத்த மக்கில் இருந்த கரி என்ன ஆகிறது? அதில் பெரும்பகுதி மூச்சுக்காற்றாக வெளியே போய்விடுகிறது.

பழைய சேமிப்பில் கை!

1926-ல் லோனிஸ் என்ற விஞ்ஞானி இந்தக் குணத்தை எழுதிவைத்தார். பசுந்தழையை மடக்கி உழுதால், தழை மட்டும் மக்குவது இல்லை, மண்ணில் ஏற்கனவே இருக்கும் மக்கும் வேகமாகக் கரைகிறது என்றார். கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் போட்டு உழுகிற நம் விவசாயிக்கு இது புதிதல்ல. அடுத்த பயிர் பச்சென்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2007-ல் வந்த பிரெஞ்சு ஆராய்ச்சி ஒன்று இன்னும் ஆச்சரியமானது. புல்வெளி ஒன்றில் 60 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்து மண் எடுத்தார்கள். புதிய உணவு இல்லாதவரை அதில் இருந்த பழைய கரி அசையவில்லை. செடியின் நார்ப்பொருளைக் கொஞ்சம் கலந்தார்கள். அவ்வளவுதான்! நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டன. சுமார் 2,500 ஆண்டு வயதான கரி வாயுவாக வெளியே வந்தது. நம் சங்கப் புலவர்கள் காலத்துக்கும் முந்திய கரி!

வேரின் அமிலமும் சும்மா இருப்பதில்லை. புளியாரைக் கீரைக்குப் புளிப்புத் தரும் ஆக்சாலிக் அமிலத்தைப் பல வேர்கள் சுரக்கின்றன. களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு பத்திரமாக இருக்கும் கரியை அது பெயர்த்துவிடும் என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள்.

மரம் வளர்ந்தது, மண்?

காற்றில் கரியமில வாயு அதிகமானால் மரம் செழிக்கும், மண்ணிலும் கரி சேரும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அதைச் சோதிக்க அமெரிக்காவில், வட கரோலினாவில், ஒரு பைன் காட்டில் வட்டம் வட்டமாக உயர்ந்த கம்பங்களை நட்டார்கள். அவற்றின் வழியே கரியமில வாயுவை ஊதினார்கள். 1996 முதல் 2010 வரை ஊதினார்கள்!

மரங்கள் நன்றாக வளர்ந்தன. வேர்கள் முன்னைவிட அதிகமாகச் சர்க்கரை கொடுத்தன. நுண்ணுயிர்கள் முன்னைவிட வேகமாக மக்கை உடைத்துத் தழைச்சத்து கொடுத்தன. மண்ணில் மட்டும் கரி கூடவில்லை.

ஒரு காட்டை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்கலாம். 2021-ல் இப்படிப்பட்ட 108 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். புல்வெளி மண்ணில் கரி நூற்றுக்கு 8 பங்கு கூடியிருந்தது. காட்டு மண்ணில் கூடவே இல்லை. மேலே செடி அதிகமாகப் பருத்த இடத்தில் கீழே கரி குறைவாகச் சேர்ந்திருந்தது.

அப்படியானால் வேர் மண்ணுக்கு எதிரியா? கிடையாது. மண்ணில் நெடுநாள் தங்கும் கரியில், இலைச்சருகு கொடுப்பதைவிட வேர் கொடுப்பதே அதிகம்.

சம்பளம் வாங்கும் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற பணத்தில் செலவு போக மிச்சம்தான் சேமிப்பு. நுண்ணுயிரும் அப்படியே. சாப்பிட்ட கரி நூறு பங்கு என்றால், சுமார் 30 அல்லது 40 பங்கு அதன் உடம்பாகிறது. மற்றது மூச்சாகப் போகிறது. செத்த பிறகு அந்த உடம்பு களிமண்ணில் ஒட்டிக்கொள்ளுகிறது. வயலிலும் புல்வெளியிலும் உள்ள கரியில் ஏறக்குறைய பாதி, இந்தச் செத்த உடம்புகள்தான்!

2023-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று உலகம் முழுவதும் உள்ள மண்ணைக் கணக்கெடுத்தது. மண்ணில் கரி எவ்வளவு தங்கும் என்பதை நிர்ணயிப்பதில் இந்த மிச்சம் பிடிக்கும் குணமே முதலிடம் வகிக்கிறது, எவ்வளவு கரி வந்து விழுகிறது என்பதைவிட அதற்கு நாலு மடங்காவது முக்கியத்துவம் உண்டு என்று அது சொல்லுகிறது.

எத்தனை மரம் நட்டோம், எத்தனை வண்டி எரு கொட்டினோம் என்று கூட்டிச் சொல்லுவது சுலபம். அதை வைத்துப் பத்திரம் விற்பது சரியல்ல. மண்ணைத் தோண்டி அளந்து பார்த்த பிறகே பணம் கொடுக்கவேண்டும். அளப்பதும் ஒரு தடவையோடு நிற்கக்கூடாது.

ஆஸ்திரேலியச் சட்டம் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறது. சேர்த்த கரியை 25 ஆண்டு அல்லது 100 ஆண்டு காப்பாற்றுவதாக விவசாயி எழுதிக் கொடுக்கவேண்டும். 25 ஆண்டு என்று எழுதினால், நூற்றுக்கு 20 பத்திரங்களைக் கழித்துவிடுவார்கள். மண் எடுத்து அளக்கவும் விதி இருக்கிறது. எவ்வளவு ஆழம்? குறைந்தது 30 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடி. பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2,500 ஆண்டுக் கரியைக் கண்டது, இரண்டு அடிக்குக் கீழே!